பெயர்கள் இருந்த கணினி

சுனாமி வந்து இரண்டு வருடம் கழிந்திருந்தது. வாகரைப் பக்கம் சண்டை மூண்டு, சனங்கள் காட்டு வழியாலும் கடற்கரை வழியாலும் நடந்து வந்து மட்டக்களப்பு நகரைச் சுற்றியிருந்த முகாம்களில் நிரம்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது நான் ஒரு சிறிய நிவாரண அலுவலகத்தில் கணினி திருத்துபவனாக இருந்தேன். எனக்கு இருபத்தாறு வயது. வாவிக்கரையில் வாடகைக்கு எடுத்த வீடொன்றுதான் அலுவலகம். விறாந்தையில் எந்நேரமும் சனங்கள் அட்டைகளைப் பிடித்தபடி நிற்பார்கள். உள்ளறையில் பதிவுக் கணினி இருந்தது.

அதில் வேலை செய்தவர் பனிச்சங்கேணியைச் சேர்ந்த ஒரு அக்கா. கணவர் முன்னரே இறந்துவிட்டார். சுனாமியில் ஐந்து வயது இளைய மகள் போய்விட்டாள். பதினெட்டு வயதில் மூத்த மகள் மட்டும் மிச்சம். இப்போது வீட்டையும் விட்டு இருவரும் முகாமில் ஒரு தறப்பாள் கொட்டிலில் இருந்தார்கள். அக்கா விடியற்காலையில் முகாமிலிருந்து நடந்து வருவார். செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, யாரோடும் பேசாமல் கணினியின் முன் உட்காருவார்.

கணினியிலிருந்த பட்டியலைத் தொடங்கியதும் அவர்தான். சுனாமி முடிந்த கையோடு வெளிநாட்டிலிருந்து ஒரு தொண்டர் வந்து மூன்று மாதம் தங்கி, குடும்பங்களைப் பதிய ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தார். குடும்பத்துக்கு ஒரு பக்கம்: யார் இருக்கிறார்கள், யார் இறந்தார்கள், யார் காணாமற்போனார்கள், வயது, ஊர். கூடாரங்களுக்குள் போய்ப் பெயர் எழுதி வர ஆள் தேடியபோது அக்கா போனார்; பிறகு தட்டச்சும் பழகிக்கொண்டார். சண்டையில் சனங்கள் இடம்பெயர்ந்து வந்தபோது அதே பட்டியல்தான் வளர்ந்தது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் அதைப் பார்த்துத்தான் கொடுத்தோம்.

அந்தத் தொண்டர் தன் நாட்டுக்குத் திரும்பியபோது மென்பொருளின் சீடியும் பூட்டுச் சொல்லும் அவரோடு போய்விட்டன. எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பதில் வரவில்லை. ஆகவே அந்தப் பட்டியல் அந்த ஒரு கணினியில், அந்த விண்டோஸுக்குள் மட்டும்தான் திறக்கும். வேறெந்த இயந்திரத்தில் போட்டாலும் வெறும் குப்பை எழுத்துகள்.

ஒரு திங்கட்கிழமை காலை கணினி எழும்பவில்லை. காற்றாடி சுற்றியது, திரை கறுப்பாகவே கிடந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மதர்போர்டில் மின்சாரத்தைத் தேக்கும் குட்டி உருளைகளான கொள்ளளவிகளின் தலைகள் புடைத்து, மண்ணிறத் திரவம் கசிந்து காய்ந்திருந்தது. அந்தக் காலத்துப் போர்டுகளில் அடிக்கடி கண்ட நோய்தான்.

மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார். பயந்த சுபாவமுள்ள, நேர்மையான மனிதர்.

"போர்ட மாத்திப்போட்டு விண்டோஸைப் புதுசாப் போட்டுட்டாச் சரிதானே?"

"புதுசாப் போட்டா லிஸ்ட் திறக்காது, சேர்."

"அப்ப?"

"விண்டோஸத் தொடாம போர்ட மட்டும் மாத்திப் பாக்கிறன்."

"வெள்ளிக்கிழமை சாமான் குடுக்கணும், தம்பி."

அதே மாதிரிப் போர்டு கொழும்பில் கிடைக்கக்கூடும். ஆனால் பாதை இருந்த நிலையில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நகரத்தில் கடை வைத்திருந்த கூட்டாளி ஒருவன் வேறு கம்பனியின் பழைய போர்டொன்றைத் தந்தான். வேலையில் கை வைக்குமுன் ஹார்ட் டிஸ்க்கை முழுதாக இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வீட்டில் வைத்தேன். எங்கள் தொழிலில் அது முதல் பாடம். பிறகு போர்டைப் பூட்டி மின்சாரம் கொடுத்தேன். விண்டோஸின் படம் வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் ஒரு நீலத் திரை மின்னியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. எத்தனை தரம் விட்டாலும் அதேதான்.

காரணம் எனக்குத் தெரியும். பழைய போர்டு எந்த வழியால் டிஸ்க்கைத் தொட்டதோ அந்த வழி மட்டும்தான் விண்டோஸுக்கு ஞாபகம். புதிய போர்டில் அந்த வழி இல்லை. தன் டிஸ்க்கைத் தானே காணாமல் விழுந்துவிடுகிறது. விண்டோஸை அழிக்காமல் மேலால் எழுதித் திருத்தவும் செய்யலாம். ஆனால் என்னிடமிருந்த சீடி அந்தக் கணினியில் இருந்ததைவிடப் பழையது. எதையாவது கெடுத்துவிடுமோ என்று அதைத் தொடவில்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் இரண்டாவது டிஸ்க்காகப் பூட்டினேன். உறங்கிக் கிடக்கும் அந்த விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் பதிவேட்டை வெளியிலிருந்து திறந்து, டிஸ்க்கைத் தொட உதவும், எந்தப் போர்டுக்கும் பொதுவான டிரைவர்களை ஒவ்வொன்றாக எழுதினேன். அவை தொடக்கத்திலேயே எழும்ப வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் நேரே பூச்சியம் போட வேண்டும். இரண்டு நாள் பிழையாகிக்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்ததைப் புதன்கிழமை மாலைதான் கண்டேன்.

திருத்தி, டிஸ்க்கைத் திரும்ப அந்தக் கணினியில் பூட்டினேன். நீலத் திரை வரவில்லை. புதிய வன்பொருள் கிடைத்ததாக ஒன்றன்பின் ஒன்றாகச் செய்திகள் வந்தன. பிறகு பழைய முகப்பு, பழைய இடத்திலேயே எல்லாம். அக்கா கதிரையை இழுத்துப் போட்டு மென்பொருளைத் திறந்தார். தன் குடும்பத்தின் பக்கத்தை எடுத்தார். சற்று நேரம் பார்த்துவிட்டு மூடினார்.

"எல்லாம் இரிக்கி, தம்பி," என்றார்.

போய் எனக்குத் தேத்தண்ணியும் இரண்டு வாய்ப்பனும் வாங்கி வந்தார். அன்று எனக்கு என் கைகளைப் பற்றி இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அடுத்த நாள் மதியம், மேலாளர் சாப்பிடப் போயிருந்த வேளை, அக்கா எழுந்து கதவைச் சாத்தினார்.

"தம்பி, நாளைக்கு வாறாங்களாம்."

"ஆரு?"

பெயர் சொல்லவில்லை. இளம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகும் ஆயுதக்காரரின் பெயரை அந்த நாட்களில் யாரும் சொல்வதில்லை, சொல்லாமலே விளங்கும்.

"சேருக்கு போன் வந்த. பதினாறுக்கும் முப்பதுக்கும் இடையில இரிக்கிற ஆக்கள்ற லிஸ்ட் வேணுமாம். எந்த முகாம், எத்தினையாம் கொட்டில் எண்டு அச்சடிச்சு வைக்கட்டாம். சேர் ஓம் எண்டுட்டார்."

"அவர் வேற என்ன சொல்லுவார்?"

"நான் அவரக் குறை சொல்லல்ல. அவருக்கும் புள்ளைகள் இரிக்கி." கதிரையில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எண்ட புள்ளட பேர அழிக்க எனக்குத் தெரியும். காலையில அவளிட பக்கத்தத் திறந்து விரலையும் வச்சன். ஏலாமப் போயிற்று. பக்கத்துக் கொட்டில் புள்ளைகள்ற பேரையும் நாந்தானே அடிச்ச. அதுகள் எண்ட முகத்தப் பாத்து வயசு சொன்னதுகள்."

அவர் கணினிப் பக்கம் திரும்பினார்.

"இத மறுகாப் பழுதாக்க ஏலுமா, தம்பி?"

முடியும் என்று அவர் கேட்கும்போதே எனக்குத் தெரிந்திருந்தது. "கண்டு பிடிச்சா?" என்று கேட்டேன்.

"பழைய போர்டு எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே."

மேலாளர் திரும்பி வர அரை மணிக்குக் குறையாது. எனக்கு நான்கு நிமிடம் போதுமாயிருந்தது. பதிவேட்டைத் திறந்து, நான் எழுதிய டிரைவர்களுக்கு நேரே பூச்சியத்தை அழித்து நான்கு என்று போட்டேன். நான்கு என்றால் இனி எழும்பாதே என்று அர்த்தம். கடைசியாக நன்றாக ஓடிய நிலைக்குத் திரும்பிப்போகும் ஒரு பின்கதவும் விண்டோஸுக்கு உண்டு. அங்கும் போய் மாற்றினேன். நிறுத்தி எழுப்பினேன். நீலத் திரை வந்தது. பட்டியல் அழியவில்லை; உள்ளே அப்படியே இருந்தது. போய்ச் சேரும் வழிதான் இல்லை. அக்கா திரையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

மேலாளரிடம் போர்டு மறுபடி போய்விட்டது என்றேன். அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வெள்ளி காலை பத்து மணிக்கு வந்தார்கள். மூன்று பேர் உள்ளே, ஒருவன் வாகனத்தில். விறாந்தையில் நின்ற சனங்கள் தாமாகவே கலைந்து போனார்கள். மூவரில் ஒருவனுக்கு என் வயதுதான் இருக்கும். கணினி தெரிந்தவன், கதிரையை இழுத்து உட்கார்ந்த விதத்திலேயே அது விளங்கியது. நீலத் திரையைக் கண்டதும் நிறுத்தி எழுப்பினான். F8 விசையை அழுத்தினான். நான் சாத்திவைத்த பின்கதவைத்தான் அவன் முதலில் தட்டினான். திறக்கவில்லை.

"முந்தாநாள் ஓடினதாமே?"

"ஓடின. பழைய போர்டு. வேற இடத்தில கழட்டின. நம்ப ஏலா."

"உள்ளுக்க எதையும் மாத்தினியா?"

"இல்ல."

எழுந்து வந்து என் இடது கன்னத்தில் அறைந்தான். காது அடைத்துப்போனது. கோபத்தில் அடித்த அடியாகத் தெரியவில்லை. ஒரு வேலையைச் செய்வதுபோல அடித்தான். பிறகு வயர்களை இழுத்துப் பிடுங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேசையில் திரையும் விசைப்பலகையும் மவுஸும் மட்டும் மிஞ்சின. மேலாளர் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். அக்கா மேசைக்குப் பக்கத்தில் வந்து மவுஸின் மேல் கையை வைத்தார்.

அவனுக்குத் தெரிந்தவர்களில் என்னைப் போல ஒருவன் இருந்தால் இரண்டு நாளில் அதை எழுப்பிவிடுவான். அல்லது, எழுப்பித் தரும்படி என்னையே தேடி வருவார்கள். வீட்டில் ஒரு பிரதி இருக்கிறது என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. வீட்டைச் சோதித்து அதை எடுத்தால் என் கதை அன்றோடு முடிந்தது.

அடுத்த நாள் அம்மா சந்தைக்குப் போன நேரம், குசினிக்குப் பின்னால் போய் அந்த டிஸ்க்கைத் திறந்தேன். உள்ளே தட்டுகள் கண்ணாடிபோல மின்னின. ஆணியால் கீறி, சுத்தியலால் வளைத்து, மலக்குழியின் மூடியைத் தூக்கி உள்ளே போட்டேன். துணிச்சலில் செய்த காரியமல்ல. அக்காவோடு கதைத்துச் செய்ததுமல்ல. பயத்தில் செய்தேன்.

பட்டியல் இல்லாமல் நிவாரணம் பத்து நாள் தடுமாறியது. அக்கா ஞாபகத்திலிருந்தே இருநூறு குடும்பங்களைக் கொப்பியில் எழுதினார். ஆனால் எல்லோரையும் எழுத யாரால் முடியும்? நோயாளி மனைவியை வைத்திருந்த ஒரு முதியவர் இரண்டு தரம் வெறும் பையோடு திரும்பினார். மூன்றாம் தரம் விறாந்தையில் நின்று அக்காவைப் பார்த்து மண்ணள்ளித் திட்டினார். அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல எங்கள் இருவருக்கும் வழியில்லை.

அந்த நாட்களுக்குள்ளேயே அக்கா மகளின் கலியாணத்தையும் முடித்தார். தாலி ஏறிய பிள்ளைகளைப் பிடிக்கமாட்டார்கள் என்று சனங்கள் நம்பினார்கள். மாப்பிள்ளை பெரியகல்லாற்றைச் சேர்ந்த மீனவர், முப்பத்தொன்பது வயது. அவருடைய முதல் மனைவியையும் கடல்தான் கொண்டுபோனது. கோயிலில் நாங்கள் எட்டுப் பேர் நின்றோம். பெண் அழவில்லை. அம்மாவை ஒரு தரம்கூட நிமிர்ந்து பார்க்கவுமில்லை.

நான்கு நாள் கழித்து முகாமுக்கு வாகனம் வந்தது. பட்டியல் கேட்கவில்லை. கொட்டில் கொட்டிலாகப் புகுந்து, கண்ணில் பட்ட ஏழு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். பட்டியல் கையில் இருந்திருந்தால் அது எழுபதாக இருந்திருக்குமோ, அல்லது அதே ஏழுதானோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏழு பேரில் இருவர் திரும்பி வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கணினி என்னவானது என்று ஒருவரும் சொல்லவில்லை.

இரண்டு வருடத்தில் போர் முடிந்தது. நகரத்தில் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். நிவாரண அலுவலகம் மூடப்பட்டது. நான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சிறிய திருத்தகம் ஒன்று போட்டேன். அக்கா மகளோடு பெரியகல்லாற்றில் இருக்கிறார் என்று தெரியும்; போய்ப் பார்க்கவில்லை.

ஒரு நாள் அவரே கடைக்கு வந்தார். மெலிந்திருந்தார். மகளுக்கு எட்டாம் மாதம் என்றும், ஆசுபத்திரிக்கு அழைத்து வந்ததாகவும் சொன்னார். தேத்தண்ணி வரவழைத்தேன். குடித்து முடிக்கும்வரை வேறு ஏதேதோ கதைத்தார். பிறகு கேட்டார்:

"தம்பி, அந்தக் கொம்பியூட்டரில இருந்ததுகள் எங்கயும் மிச்சம் இரிக்கா?"

"ஏன் அக்கா?"

"சின்னவள்ற படம் ஒண்டு அதுக்குள்ள இருந்த. உறவுக்காரர்ற கலியாண அல்பத்தில அவள் ஓரமா நிண்ட படம். எங்கட வீட்டில இருந்ததெல்லாம் கடலோட போயிற்று. அந்த அல்பத்த வாங்கி ஸ்கேன் பண்ணி எங்கட பக்கத்தில போட்டு வச்சன். மறுகா அந்த அல்பமும் சண்டைக்குள்ள போயிற்று. மூத்தவள் கேக்கிறாள், தங்கச்சிட முகம் எப்பிடி எண்டு. எனக்கும் இப்ப சரியா வருகுதில்ல."

இல்லை என்று ஒரு சொல்லோடு முடித்திருக்கலாம். முடியவில்லை. பிரதி எடுத்ததையும் அதை நான் என்ன செய்தேன் என்பதையும் சொன்னேன். மலக்குழி என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை.

அக்கா கோப்பையை மேசையில் வைத்தார்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், தம்பி."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

யோசித்தார். வெளியே கல்முனை பஸ் இரைந்துகொண்டு நின்றது.

"உடை எண்டுதான் சொல்லியிருப்பன்," என்றார். "ஆனா அதுக்கு முதல் ஒருக்காத் திறந்து பாத்திருப்பன்."

மகள் ஆசுபத்திரியில் தனியே இருப்பாள் என்று எழுந்தார். வாசலில் நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "வாறன் தம்பி," என்று சொல்லிப் படியிறங்கிப் போனார்.