ஒன்பதாம் வளைவின் மஞ்சள் கொடி

என் சித்திக்குக் கார் ஓட்டத் தெரியாது. எந்தக் கார் என்ன கம்பெனி என்றும் தெரியாது. ஆனால் போன பருவத்தின் கடைசிப் பந்தயத்தில், பூமியிலேயே வேகமாக ஓடுகிற இருபது கார்களை ஒரே கையசைப்பில் அடக்கி, யார் சாம்பியன் என்பதையே மாற்றிவிட்டவர் அவர்தான். அதிலிருந்து அவருக்குப் பெயரே 'மஞ்சக்கொடி' என்று ஆகிவிட்டது. காய்கறிக் கடைக்காரர்கூட, "மஞ்சக்கொடியக்கா, கத்திரிக்கா வேணுமா, இல்ல கொடி காட்டி நிறுத்திடுவீங்களா?" என்று கேட்கிறார்.

மற்ற நாட்களில் சித்தி வேலை செய்வது வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் பட்டறையில். சுவரோரம் ரெக்சின் சுருள்கள், காலடியில் பஞ்சுத் துண்டுகள், நடுவில் யானை மாதிரி ஒரு தையல் மெஷின். பந்தயம் நடக்கிற சனி ஞாயிறுகளில் மட்டும் ஆரஞ்சு நிற முழு அங்கியை மாட்டிக்கொண்டு, காதில் பஞ்சடைத்துக்கொண்டு, பந்தயத் திடலின் ஒன்பதாம் வளைவில் கொடி பிடித்து நிற்பார். சம்பளம் கிடையாது. சாப்பாட்டுப் பொட்டலம் உண்டு.

இதற்கெல்லாம் காரணம் சித்தப்பா. டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவர். டிக்கெட் வாங்காமல் பந்தயம் பார்க்க ஆசைப்பட்டுத் தொண்டராகச் சேர்ந்தார். சேரப் போன இடத்தில் இன்னொரு ஆள் குறைகிறது என்றார்கள். உடனே ஃபோன் போட்டு, தைத்துக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டுவிட்டார். வந்த சித்தி கல்யாணத்துக்குப் போகிற நினைப்பில் பட்டுப்புடவை கட்டியிருந்தாராம்.

கொடி பிடிப்பதில் ஒரு முறை இருக்கிறது. இருவரும் எதிரெதிரே, முகத்துக்கு முகம் நிற்க வேண்டும். நீலக் கொடிக்காரர் கார்கள் வருகிற திசையைப் பார்ப்பார். பின்னால் வேகமான வண்டி வந்தால் முன்னால் போகிறவருக்கு வழிவிடச் சொல்லி நீலத்தை ஆட்டுவார். மஞ்சள் கொடிக்காரர் கார்கள் போகிற திசையை மட்டும் பார்ப்பார். அங்கே விபத்தோ தடையோ தெரிந்தால் மஞ்சளை ஆட்டுவார். மஞ்சள் ஆடினால் யாரும் யாரையும் முந்தக் கூடாது. தன் கண்ணால் கண்டதற்கு மட்டும்தான் ஆட்டலாம். எக்காரணம் கொண்டும் திரும்பிப் பார்க்கக் கூடாது. நீலத்தைச் சித்தப்பா முதல் நாளே பிடித்துக்கொண்டார், கார்களைப் பார்க்கலாமே என்று. ஆகவே இத்தனை வருஷமாகப் பந்தயத்துக்குப் போகிற சித்தி ஒரு பந்தயத்தைக்கூடப் பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் ஒரு துண்டு தார்ச்சாலையும், அதை மறைத்தும் மறைக்காமலும் நிற்கிற புருஷன் முகமும்தான்.

அந்தத் துண்டுச் சாலையை அவர் நேசித்தார். எந்த இடத்தில் ஆயில் கறை, எந்த இடத்தில் ரப்பர் படிந்து வழுக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. ஏன் சித்தி இவ்வளவு பிடிக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "அங்க நான் கையைத் தூக்கினா ஒருத்தனும் என்னைத் தாண்டிப் போக மாட்டான். வீட்டுல டிவி ரிமோட்டையாவது உங்க சித்தப்பாவுக்கு முந்தி என்னால எடுக்க முடியுதா?" என்றார்.

இனி அந்தக் கடைசிப் பந்தயம். கடைசிச் சுற்று. பச்சைக் கார் முன்னால், வெள்ளைக் கார் அதன் வாலைக் கடிக்கிற தூரத்தில். யார் முதலில் வருகிறாரோ அவரே வருஷத்துச் சாம்பியன். ஒன்பதாம் வளைவில் சித்தியின் மஞ்சள் கொடி ஆடியது. பச்சைக்காரர் வேகத்தைக் குறைத்தார். வெள்ளைக் கார்க்காரர் குறைக்கவில்லை, சர்ரென்று முந்திப்போய் முதலில் முடித்து, காரின் மேலேறிக் குதித்தும் விட்டார். அவர் இறங்குவதற்குள்ளேயே, கொடியை மதிக்கவில்லை என்று அவர் நேரத்தோடு பத்து விநாடி கூட்டித் தண்டனை வந்தது. பட்டம் பச்சைக்குப் போயிற்று.

பிறகுதான் வெள்ளையின் ரசிகர்கள் வீடியோவை ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்பதாம் வளைவைத் தாண்டி ஒன்றுமே இல்லை. விபத்து இல்லை, உடைந்த பாகம் இல்லை, ஒரு காகிதம்கூட இல்லை. துடைத்துவிட்ட மாதிரிக் கிடந்தது சாலை. அப்படியானால் அந்த அம்மா எதற்குக் கொடியை ஆட்டினார்?

பந்தயம் இல்லாத மாதங்கள்தான் ரசிகர்களுக்கு உண்மையான பந்தய காலம். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. மற்ற வருஷங்களில் எந்த டிரைவர் எந்த அணிக்குத் தாவுவார் என்று பேசுவார்கள். இந்த வருஷம் சித்தியைப் பேசினார்கள். நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி அவர்கள் மாடி அறையில் பையைப் போட்டபோது வதந்திகள் நல்ல விளைச்சலில் இருந்தன. சித்தி பச்சைக்காரருக்கு ஒன்றுவிட்ட அத்தையாம். சித்திக்கு நிறமே தெரியாதாம், சிவப்பென்று நினைத்து மஞ்சளை எடுத்தாராம். பச்சை அணி அவருக்குக் கடற்கரையில் பங்களா கட்டுகிறதாம். இந்தக் கடைசிச் செய்தியைக் கேட்டு வீட்டு உரிமையாளரே வந்து, எப்போது காலி செய்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். எங்கள் வீட்டிலோ உலையே சித்தப்பாதான். டிரைவிங் ஸ்கூல் காரில் அவருக்கும் ஒரு பிரேக் இருந்ததால், கதை சுவாரசியமான இடத்துக்கு வரும்போதெல்லாம் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார். ஒரு மாணவர் இரண்டு வாரமாக இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. பணம் கட்டி வதந்தி கேட்கிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். கொடி ஆடியதற்குச் சித்தப்பா சொன்ன காரணம் நாளுக்கு நாள் மாறியது. திங்கட்கிழமை ஒரு பறவை. புதன்கிழமை வெள்ளைக் காரிலிருந்து கழன்ற ஒரு திருகு. வெள்ளிக்கிழமை பெண்களின் உள்ளுணர்வு.

சித்தி மட்டும் காரணமே சொல்லவில்லை. யார் கேட்டாலும், "நான் ரோட்டைத்தான் பாத்துட்டு இருந்தேன். எந்தக் காரையும் பாக்கலை" என்றார். ஒருவரும் நம்பவில்லை. ஒருநாள் பட்டறையில் ஒரு வேன்காரர் விளையாட்டாக, ஈ ஓட்டியிருப்பீங்க அக்கா என்றார். மெஷினில் ஊசி படக்கென்று முறிந்தது.

நடுவர் சங்கத்திலிருந்து விசாரணைக்கு வரச் சொல்லி ஃபோன் வந்தது. தக்க காரணம் சொல்லாவிட்டால் சித்தி இனி ஒன்பதாம் வளைவில் மட்டுமல்ல, திடலின் எந்த மூலையிலும் கொடி பிடிக்க முடியாது. அன்று சித்தி பட்டறையில் ஒரு சீட்டை இரண்டு முறை தலைகீழாகத் தைத்தார். ஊசி முறிந்ததை நான் பார்த்திருந்தேனே, விடாமல் கேட்டேன். சித்தி மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

ரோட்டில் ஒன்றும் இல்லை. சித்தப்பாவின் முகத்தில்தான் இருந்தது. கடைசிச் சுற்றில் திடீரென்று அவர் கண்கள் இரண்டும் முட்டை மாதிரி விரிந்தன. புருவம் தொப்பிக்குள் போயிற்று. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. இத்தனை வருஷமாக அந்த முகத்தையே பார்த்து நின்றவருக்கு, ஏதோ விபரீதம் என்று மூளை சொல்வதற்கு முன்னால் கை கொடியை ஆட்டிவிட்டது. ஆட்டிய பிறகுதான் தெரிந்தது, சித்தப்பாவின் காதோரம் ஒரு குளவி.

"சொன்னா, புருஷன் மூஞ்சியைப் பாத்துக் கொடியாட்டுறவன்னு எங்களைப் பிரிச்சிடுவாங்க. சொல்லலைன்னா என்னை மொத்தமா அனுப்பிடுவாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவருக்கே தெரியாதுடி. அவர் மூஞ்சிதான் காரணம்னு தெரிஞ்சா மனுஷன் சாப்பிட மாட்டார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன். சித்திக்கும் வந்தது. அவர் அடக்கவில்லை. இருவரும் ரெக்சின் சுருள்மேல் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

விசாரணை ஒரு ஹோட்டலின் கூட்ட அறையில் நடந்தது. கால் புதைகிற கம்பளம், ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் புதினா மிட்டாய். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் சங்கத் தலைவர், சிரித்தே பழக்கமில்லாதவர் போலிருந்தார். சித்தியோடு சித்தப்பாவும் வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்ள என்னையும் விட்டார்கள். சித்தி எதற்கும் இருக்கட்டும் என்று ஆரஞ்சு அங்கியிலேயே வந்திருந்தார். அந்த அறையில் அவர் அணைக்க மறந்த விளக்கு மாதிரி எரிந்தார்.

தலைவர் எடுத்த எடுப்பில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். சித்தி புதினா மிட்டாயைப் பார்த்தார். சித்தப்பாவால் பொறுக்க முடியவில்லை. யாரும் அழைக்காமலே எழுந்தார்.

"பூனை சார். நானே என் கண்ணால பாத்தேன். சாம்பல் பூனை. வால் கொஞ்சம் குட்டை."

மூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள். தலைவர் பேனாவை மெதுவாகக் கீழே வைத்தார். பூனை வளைவைத் தாண்டித்தானே இருந்தது என்றார். ஆமாம் என்றார் சித்தப்பா. அது உங்கள் முதுகுப் பக்கம் என்றார் தலைவர்.

"அப்ப நீங்க திரும்பியிருக்கீங்க. சாம்பியன் பட்டத்துக்கான கடைசிச் சுற்றுல, பின்னாடி ரெண்டு கார் பறந்து வரும்போது, நீலக் கொடிக்காரர் பூனை வாலை அளந்துட்டு இருந்திருக்கார்."

தவளை தன் வாயால் கெட்டது. திரும்புவது பொய்யைவிடப் பெரிய குற்றம். அதற்கு மன்னிப்பே கிடையாது. சித்தப்பா வேர்த்துப்போய் சித்தியைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்போது என்ன தெரிந்ததோ, சித்தியின் கை அறியாமலே மேலே எழுந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"அவர் திரும்பலை சார். பூனையும் இல்லை. குளவி."

எல்லாவற்றையும் சொன்னார். கண் விரிந்தது, புருவம் ஏறியது, வாய் கோணியது, ஒன்றையும் விடவில்லை. நடுநடுவே நடித்தும் காட்டினார். சித்தப்பா மேசையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவர் முகத்தில் வருத்தம் வரும் என்று நான் பயந்தேன். பெருமை வந்தது.

"கொட்டிச்சு சார் அது. ரெண்டு தடவை. நான் ஒரு இஞ்ச் அசையலை. கொடியை விட்டுக் கையை எடுத்தேனா கேளுங்க."

தலைவர் வீடியோவைப் போடச் சொன்னார். எதிர்ப்பக்க கேமராவில் சித்தப்பாவின் முகம் திரை முழுக்க விரிந்தது. உடம்பு சிலை, முகம் மட்டும் தனியாக ஒரு நாட்டியம் ஆடியது. கண் ஒரு பக்கம் போனது, மூக்கு இன்னொரு பக்கம் போனது, காது தானாக ஆடியது. வலது பக்கத்து அதிகாரி கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார். இடது பக்கத்தவர் இன்னொருமுறை போடுங்கள் என்றார், ஆதாரத்துக்காக என்றும் சேர்த்துக்கொண்டார். நான்காவது முறை ஓடியபோது தலைவரின் தோள்கள் குலுங்கின. அவர் சிரிக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். கொடி ஏன் ஆடியது என்பது ஓட்டுநருக்கு வேண்டாத விஷயம். ஆடினால் முந்தக் கூடாது. அதனால் பட்டம் பச்சைக்காரருக்குத்தான். இந்த அம்மா உண்மையைச் சொன்னதால் கொடி அவர் கையில் இருக்கட்டும். ஆனால் இவர்கள் இருவரும் இனி எதிரெதிரே நிற்கக் கூடாது. ஒருவர் ஒன்பதாம் வளைவில் இருக்கலாம், மற்றவர் வேறு இடத்துக்குப் போக வேண்டும். யார் என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள்.

சித்தப்பா தியாகம் செய்யத் தொண்டையைக் கனைத்தார். பெரிய பேச்சாக ஆரம்பிக்கப் போகிறார் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"அவரை மாத்துங்க" என்றார் சித்தி.

பேசித்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதில்லை என்று தலைவர் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். சித்தப்பாவுக்கு மூன்றாம் வளைவு. சித்தியின் எதிரே இனி நிற்கப் போகிறவர் ஒரு பல் மருத்துவர். பல்லைப் பிடுங்கும்போதுகூட முகத்தில் ஒன்றும் தெரியாதவர் என்று நற்சான்று சொன்னார்கள்.

வீட்டுக்கு பஸ்ஸில் வந்தோம். நெரிசலில் ஆரஞ்சு அங்கிக்கு எல்லோரும் வழிவிட்டார்கள், என்ன விபத்தோ என்று. சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, முன்சீட்டின் தையல் பிரிந்திருந்ததை விரலால் நீவிக்கொண்டிருந்தார். சித்தப்பா நாலு நிறுத்தம் வரை பேசவில்லை. அவர் வாழ்நாளில் அதுவே சாதனையாக இருக்கும். ஐந்தாவது நிறுத்தத்தில் தாங்கவில்லை.

"இத்தனை வருஷம் உன் மூஞ்சியைப் பாத்துட்டே நின்னுட்டேன். இனிமே நான் யார் மூஞ்சியைப் பாத்துட்டு நிக்கிறது?"

சித்தி பாட்டை நிறுத்தினார்.

"ஏங்க, உங்களைக் கார் பாக்கத்தானே நிக்க வெச்சாங்க?"

சித்தப்பா காது வரை சிவந்தார். கண்டக்டரைக் கூப்பிட்டு, ஏற்கனவே வாங்கிவிட்ட டிக்கெட்டை இன்னொருமுறை கேட்டார்.