இடது முழங்கால்

மகள் நடக்கும்போது இடது காலைக் கொஞ்சம் இழுக்கிறாள் என்று எனக்கு மட்டும்தான் தோன்றியது. அவளுக்கு இரண்டு வயது நிறையவில்லை. "புள்ள நல்லாத்தான் நடக்குது. நீயே கண்ணு வெச்சிடாதே" என்றார் மாமியார். என் கண்ணை நானும் முழுதாக நம்பவில்லை. அதனால்தான் லேப்டாப்பைத் திறந்தேன்.

மனித உடலின் மூட்டுகளைக் கண்டுபிடிக்க ஏற்கெனவே பழக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு மாடல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பைத்தான் நிரல்மொழியில் சில வரிகள் எழுதி வீடியோவைக் கொடுத்தால் இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாவற்றிலும் புள்ளி வைத்துவிடும். மகள் நடப்பதைப் போனில் எடுத்திருந்த வீடியோவைக் கொடுத்து, அந்த மூன்று புள்ளிகளிலிருந்து முழங்கால் மடங்கும் கோணத்தைக் கணக்கிட்டேன். இடது கால் குறைவாக மடங்கியது.

கணவர் திரையைப் பார்த்துவிட்டு, "கேமரா வலது பக்கம் இருக்கும்மா. அந்தாண்ட கால் மறையுது. மாடல் குத்துமதிப்பா புள்ளி வைக்குது. எதிர்ப்பக்கமா நடக்கவிட்டு எடு, வலது கால் தப்பாத் தெரியும் பாரு" என்றார்.

நியாயமாகத்தான் இருந்தது. அவர் சொன்னபடியே ஆகிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை, கவுன் முழங்காலை மறைக்காமல் இருக்க டிரவுசர் போட்டுவிட்டு, எங்கள் முகப்பேர் குடியிருப்பின் வராந்தாவில் அவளை நடக்கவைத்தேன். கையில் பிஸ்கட்டைக் காட்டிக் காட்டி அழைத்தார் மாமியார். எதிர்வீட்டு அக்கா கதவைத் திறந்து, "இன்னாம்மா, கொழந்தைய வெச்சி ஷூட்டிங் எடுத்துகினு கீற? எனக்கும் ஒரு வேஷம் குடேன்" என்றார். சிரித்தேன். போனை மகளின் முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்தேன்.

இந்த முறை இடது கால்தான் கேமராவுக்குப் பக்கத்தில். மறைக்க எதுவுமில்லை. ஆனாலும் குறைவாக மடங்கியது அதே இடது கால்தான்.

கால்கள் ஒன்றையொன்று கடக்கும்போது மாடல் சில சமயம் இடது வலதைக் குழப்பிவிடும். அப்படித்தான் இருக்கும் என்று ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்த்தேன். சிலவற்றில் குழப்பியிருந்தது. அவற்றை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பெரியவர்களின் படங்களிலேயே அதிகம் பழகிய மாடல், குழந்தைக்கு ஒத்துவராது என்று ஒரு கடைசிக் காரணம் தேடினேன். அப்படியென்றால் இரண்டு காலும்தானே தப்பாக வர வேண்டும்?

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு கால்களின் கோணத்தையும் காட்டும் வரைபடக் கோடுகளை அவர் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இன்னிக்கு லீவு சொல்லிடறேன்" என்றார்.

எலும்பு மருத்துவர் வீடியோ எதையும் கேட்கவில்லை. மகளைப் படுக்கவைத்து, பாதங்களைச் சேர்த்து இரண்டு முழங்கால்களையும் மடக்கிப் பிடித்தார். இடது முழங்கால் தாழ்ந்து நின்றது. எனக்கே தெரிந்தது.

"இடுப்பு மூட்டு விலகியிருந்தா முழங்கால் இப்படித் தாழ்ந்து தெரியும், அதைப் பார்க்கணும். எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்கம்மா. இப்பவே வந்தது நல்லது."

எக்ஸ்ரே அறையில் எனக்குக் கதிர்வீச்சைத் தடுக்கும் கனமான ஈய அங்கியை மாட்டிவிட்டார்கள். மகள் என்னைப் பார்த்து வீறிட்டாள். கால்களை அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டேன்.