கடைசித் திருகு

பழைய இன்ஜின் ஆயில் சூட்டோடு ஒழுகி அலுமினியச் சட்டியில் விழும்போது ஒரு வாசனை எழும். கொஞ்சம் கருகிய எண்ணெய், கொஞ்சம் இரும்பு, அதோடு அடுப்பில் கொதிக்கும் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பின் பூண்டும் கலந்த வாசனை. யார் மூக்கைச் சுளித்தாலும் சரி, எனக்கு அது நல்ல வாசனைதான். இன்றைக்கும் ஏதாவது மெக்கானிக் கடையைத் தாண்டும்போது அது மூக்கில் ஏறினால் போதும், சர்ச்சில் பூசை முடிந்து வந்த கையோடு நல்ல துணியைக்கூட மாற்றாமல் நைனாவும் அம்மாவும் நானும் வாசலில் "கொக்கு" வண்டியைச் சுற்றி உட்கார்ந்துவிடும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் வந்துவிடும்.

எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கும் ஏரிக்கும் நடுவில் இருந்த எங்கள் காலனியில் எல்லோர் வீட்டிலும் சாதாரண வண்டி நிற்க, எங்கள் வீட்டில் மட்டும் இந்தக் கொக்கு நின்றது. மீஞ்சூர்ப் பக்கம் மின் நிலைய வேலைக்கு வந்திருந்த ஒரு வடக்கத்தி இன்ஜினியர் ஊரைவிட்டுப் போகும்போது நைனாவிடம் தள்ளிவிட்டுப் போன வண்டி அது. ஒற்றை சிலிண்டர், உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். சீட்டு என் கழுத்துயரம், முன் மட்கார்டு சக்கரத்தை விட்டு எட்டி மேலே நீட்டிக்கொண்டிருக்கும், புகைக்குழாயும் மேலே தூக்கி இருக்கும். தார் ரோட்டிலும் ஓடும், சேற்றிலும் ஓடும். "இன்னாடி, உங்க நைனா கொக்கு மேல பறந்துகினு போறாரு" என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்கள். நானும் சும்மா விடமாட்டேன், உங்க வண்டி வாத்து, தண்ணியக் கண்டா நின்னுடும் என்பேன்.

எந்த மெக்கானிக்கும் அதைத் தொடமாட்டார். "இதுக்கு ஸ்பேர் கெடைக்காதுபா, பேஜாரு புடிச்ச வண்டி" என்று கையை விரித்துவிடுவார்கள். ஆக, எல்லா வேலையும் வீட்டில்தான். பேட்டையின் கரித்தூள் ஏறிக் கறுத்துப்போன ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை ஷாம்பு போட்டுக் கசக்கி, அம்மாவின் யூனிஃபார்ம் பக்கத்தில் கொடியில் காயப்போடுவோம். கடல் காற்றில் துருவேறும் செயினுக்கு எண்ணெய் விடுவோம். வடித்த ஆயிலில் இரும்புத்தூள் இருக்கிறதா என்று பார்க்க, டீ வடிகட்டியை எடுத்து நைனா அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அன்றைக்கு முழுக்க எங்களுக்கு டீயே கிடைக்கவில்லை.

இந்த வண்டியின் கதையைச் சொல்ல வேண்டுமானால் அந்த இருவரின் கைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நைனா ரோலிங் மில்லில் ஃபிட்டர். அங்கே ஒரு நட்டு என் முஷ்டியளவு இருக்கும். ஸ்பேனரின் வாலில் நீள பைப்பைச் செருகி, இரண்டு பேர் தொங்கித்தான் இறுக்குவார்களாம். அம்மா வேலை பார்த்தது வயரிங் கம்பெனியில். கார்களுக்குள் ஓடும் ஒயர்களின் முனையில் இருக்கும் சின்னப் பின்களை ஒவ்வொன்றாக சாக்கெட்டில் செருக வேண்டும், சரியாக உட்கார்ந்தால் "கிளிக்" என்று ஒரு சத்தம் வரும். ஆனால் மெஷின் இரைச்சலில் காது எங்கே கேட்கும்? அந்த கிளிக்கை விரல் நுனியால்தான் கேட்க வேண்டும் என்று அம்மா சொல்வாள். நைனாவின் கைக்கோ எதையும் விட்டுவிடத் தெரியாது. ஒவ்வொரு போல்ட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவார்.

"யோவ், போதும்யா. இது இன்னா உன் மில்லா? வாயில்லா ஜீவன்யா அது" என்பாள் அம்மா.

"நீ சும்மா இரு ஸ்டெல்லா. லூசா வுட்டா வழில கயண்டு வுயுந்துடும்."

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அம்மாவின் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்த பெண்களில் சிலரை மட்டும் பர்மனென்ட் ஆக்கப் போவதாகப் பேச்சு. அந்த மாதம் ஒருநாள் ஷிஃப்டு தவறினாலும் பேரை எடுத்துவிடுவேன் என்று சூப்பர்வைசர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கம்பெனி பஸ் விடியுமுன்னே நெடுஞ்சாலையில் வந்து நிற்கும். எங்களுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் ஏரிக்கரையோரம் மண்ரோடு. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் அந்த ரோடு முழுக்கத் தண்ணீர். இருட்டில் நடந்தால் எங்கே குழி, எங்கே ரோடு என்று தெரியாது. சாதாரண வண்டி இறங்கினால் பாதியில் புகைக்குழாயில் தண்ணீர் ஏறி நின்றுவிடும். கொக்கு ஒன்றுதான் அதைத் தாண்டும். முதல் நாளே மீஞ்சூர்ப் பெரியம்மா வீட்டில் போய்த் தங்கி அங்கிருந்து ரயிலில் போய்விடேன் என்று நைனா சொல்லிப் பார்த்தார். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்த காலம் அது, "அவ ஊட்டு வாசப்படி மிதிக்கறதுக்கு பதிலா நான் நீந்தியே போவேன்" என்றுவிட்டாள் அம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமை கலங்கல் வழிய ஆரம்பித்தது. மறுநாள் தண்ணீரில் இறங்கப் போகிற வண்டிக்குப் புது ஆயில் ஊற்றிவிட வேண்டும் என்று நைனா பழைய ஆயிலை வடித்தார். பிறகு இன்ஜின் அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டைப் போட்டு, வழக்கம்போலப் பல்லைக் கடித்து இறுக்கினார். அம்மா உள்ளேயிருந்து "போதும்யா" என்று குரல் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, கல்லாக நிற்க வேண்டிய போல்ட் வெண்ணெயில் திருகுவதுபோல வழுக்கிச் சுற்ற ஆரம்பித்தது. இரும்பு போல்ட், அலுமினிய இன்ஜின். உள்ளே போல்ட்டைப் பிடித்து நிறுத்தும் மரை முழுக்க வழித்துக்கொண்டு வந்துவிட்டது. நைனா போல்ட்டை வெளியே எடுத்து, அதில் சுற்றியிருந்த வெள்ளி நூல்போன்ற பிசிறைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"மரை பூட்ச்சு" என்றார் கடைசியில்.

அம்மா கத்துவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் கத்தவில்லை. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து, "நாளைக்கு நான் எப்டி போவேன்?" என்றாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவே இல்லை.

"நான் தோள்ல தூக்கினு போறேன்."

"ஆமா, தூக்கிக் கீய போடு."

நைனா எழுந்து, வெளிச்சம் இருக்கும்போதே தண்ணீரில் இறங்கி நடந்தே போனார். நெடுஞ்சாலையோரம் இருந்த லேத்துக் கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு சைஸ் பெரிய போல்ட், அதற்கான செம்பு வாஷர், மரை வெட்டும் டேப், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் ஒற்றைச் செருப்போடு திரும்பினார். அந்தக் கடைக்காரர் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று: அலுமினியம் மெத்து, இந்தத் தடவையும் போச்சுன்னா இன்ஜினையே மாத்தணும்.

பெட்ரோலை வடித்துவிட்டு, கொக்கைப் பழைய லாரி டயர்மேல் பக்கவாட்டில் படுக்க வைத்தோம். நைனா டேப்பைக் கையில் எடுத்தார். அதைத் துளையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"குடு இங்க. நான் திருப்பறேன், நேரா போதான்னு நீ பாரு."

"உனக்கு இன்னா தெரியும் இதுல?"

"ஒண்ணும் தெரியாது. எங்க நிறுத்தணும்னு தெரியும்."

நைனா டேப்பைக் கொடுத்துவிட்டார். பிசிறு உள்ளே விழாமலிருக்க அதில் கிரீஸைத் தடவி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று வெட்டும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். அவர் தரையோடு தரையாகப் படுத்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா கண்ணை மூடிக்கொண்டு திருப்பினாள். ஆமாம், கண்ணை மூடிக்கொண்டுதான். கம்பெனியிலும் அப்படித்தானாம், விரலுக்கு அப்போதுதான் நன்றாகக் கேட்குமாம். குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் நைனா மண்ணெண்ணெய் விட்டு உள்ளே அலசினார். செம்பு வாஷர் கடையில் கிடந்த பழசு, கெட்டிப்பட்டுப் போயிருந்ததால் அதை இடுக்கியில் பிடித்து எங்கள் கேஸ் அடுப்பிலேயே சிவக்கக் காட்டி, தண்ணீரில் "சொய்ங்" என்று போட்டு இளக்கினார். புதுப் போல்ட்டைக் கையால் முக்கால்வாசி ஏற்றிவிட்டு ஸ்பேனரை அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா மெல்ல இறுக்கினாள். ஓரிடத்தில் நின்றாள். "அவ்ளோதான்."

"இன்னும் கொஞ்சம்..." என்றார் நைனா, பழக்கதோஷம்.

"கைய ஒடிச்சிடுவேன்."

மறுநாள் விடியுமுன்னே கொக்கு தண்ணீரில் இறங்கியது. நான் கரையில் பக்கத்து வீட்டு அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டப டபவென்ற சத்தமும், தண்ணீர்மேல் ஆடி ஆடிப் போன சிவப்பு விளக்கும்தான் தெரிந்தன. நடுவில் சத்தம் ஒருமுறை அடங்கிப்போய், மறுபடி எழுந்தது. கொஞ்ச நேரத்தில் நைனா தனியாகத் திரும்பி வந்து, வண்டியை நிறுத்திவிட்டு முதல் காரியமாகக் குனிந்து இன்ஜின் அடியைத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ஆயில் இல்லை. "உங்கம்மா பஸ்ல ஏறிட்டா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

அம்மா பர்மனென்ட் ஆனாள். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து ஒரு சட்டமும் வந்தது: எந்த போல்ட்டையும் நைனா முக்கால்வாசிதான் இறுக்கலாம், கடைசித் திருகு அம்மாவுடையது. அவள் ஷிஃப்டு முடிந்து வரும்வரை வண்டி அரைகுறையாக நிற்கும். கேட்பவர்களிடம், "கடைசித் திருகுக்கு ஆளு வரணும்பா" என்று நைனா பெருமையாகச் சொல்வார்.

இப்போது அந்த மண்ரோடு உயரமான சிமெண்ட் ரோடாகிவிட்டது. ஏரியில் பாதி மனைகளாகிவிட்டது, கலங்கல் இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. நைனா வேலை பார்த்த மில்லும் இல்லை. கொக்கு மட்டும் வாசலில் நிற்கிறது. அதற்கு இப்போது தாண்ட வேண்டிய தண்ணீர் எதுவும் இல்லை, ஆனாலும் நைனா மாதா மாதம் ஆயில் பார்க்கிறார். அம்மாவும் வேலையிலிருந்து நின்றுவிட்டாள். அத்தனை வருஷம் பின் குத்திக் குத்தி அவள் விரல் நுனிகள் உணர்ச்சியற்றுப் போய்விட்டன. டீ டம்ளர் சுடுவது தெரிவதில்லை, ஊசியைப் பிடித்தால் நழுவுகிறது. எந்த வேலைக்காக அந்த இருட்டில் தண்ணீரைத் தாண்டினாளோ அந்த வேலையே அந்த உணர்ச்சியை எடுத்துக்கொண்டது. எனக்கு அதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

போன தடவை நான் ஊருக்குப் போனபோது ஞாயிற்றுக்கிழமை. ஆயில் மாற்றி முடித்துவிட்டு நைனா, "ஸ்டெல்லா, வா" என்று கூப்பிட்டார். அம்மாவால் இப்போது ஸ்பேனரைப் பிடிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையின்மேல் தன் கையை வைத்துக்கொள்கிறாள். நைனா இறுக்கினார். ஓரிடத்தில் அவர் மணிக்கட்டு தானாகவே நின்றது, மிகச் சரியான இடம். அப்படியே காத்திருந்தார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் ஒரு பொட்டு" என்றாள்.

நைனா பல்லைக் கடித்தார், தோளை அசைத்தார், மூச்சை இழுத்துப் பிடித்தார். ஸ்பேனர் மட்டும் இம்மியும் நகரவில்லை.

"ஆங், போதும்" என்றாள் அம்மா.

"கரெக்ட்டா சொன்னே" என்றார் நைனா.