பாதையில் நின்ற காரும் பத்தாம் நம்பர் ஸ்பானரும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாதத்துக் காலை. வாவியில் தண்ணீர் வற்றிக் கிடந்த காலம். களுவாஞ்சிக்குடியில் இருந்து அக்கரைக்கு, கொக்கட்டிச்சோலைப் பக்கம், என் மனைவியின் தம்பியின் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். கல்யாணத்தை விடுங்கள். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பட்டத்துக்கு நான் தகுதியானவன் அல்ல என்ற உண்மையை இன்றுவரை மூன்றாவது ஆளுக்குச் சொன்னதில்லை. இங்கேதான் முதலில் சொல்கிறேன்.

அதற்கு முன் என் திறமையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். வீடு மனைவியின் சீதனம். அதே வளவில், பத்து அடி தள்ளி, மாமாவும் மாமியும் இருப்பார்கள். ஆகவே நான் வீட்டில் ஓர் ஆணியைப் பிடுங்கினாலும் அது அடுத்தவர் சொத்தில் கைவைப்பதாகவே கணக்கு. தெரிந்தும் என் கை சும்மா இருக்காது.

குசினிப் பைப் ஒழுகியது. திருத்தினேன். அதன் பிறகு தண்ணீர் பைப்பால் வரவில்லை, சுவரால் வந்தது. விறாந்தையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. கழற்றி, வயர்களை மாற்றிப் பூட்டினேன். வேகமாகச் சுற்றியது, ஆனால் தலைகீழாக. காற்றெல்லாம் மேலே போய்க் கூரை குளிர்ந்தது, கீழே நாங்கள் வியர்த்தோம். குளியலறைப் பூட்டுக்கு எண்ணெய் விட்டுப் பார்த்தேன். மறுநாள் காலை மாமா உள்ளே போனவர் முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை, வர முடியவில்லை. கதவை உடைத்து எடுத்த பிறகு, ஈரத் துவாயோடு நின்று அவர் சொன்னது ஒரே வசனம்தான்.

“தம்பி, இனி நீங்க ஒண்டையும் தொடாதீங்க. ஆளக் கூப்பிடுவம்.”

அன்றிலிருந்து வீட்டு ஸ்க்ரூ டிரைவரை மாமி அரிசி வாளிக்குள் ஒளித்து வைக்கத் தொடங்கினார்.

இந்த நிலையில்தான் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினேன். பதினொரு வருடம் கியர் மாற்றி ஓடும் கார் ஓடியவன் நான். இது ஒட்டோமெட்டிக். கிளச் இல்லை, கியர் போடுகிற வேலை இல்லை, நடுவில் ஒரு தடி மட்டும். மாமா அதைச் சுற்றி வந்து, டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, “இத நீங்க திருத்தப் போறல்லத்தானே?” என்று மட்டும் கேட்டார்.

கல்யாண நாள் காலை, தாலியையும் கூறையையும் பிள்ளையார் கோயிலில் வைத்துப் பூசை செய்து எடுப்பதற்கு ஏற்பாடு. கோயில் ஐயர் வரப் பிந்திவிட்டார். முகூர்த்தம் பத்தே கால். மாப்பிள்ளையின் காரையும் சொந்தக்காரர்கள் ஏறிய பஸ்ஸையும் பாலத்தால் சுற்றிப் போகும்படி அனுப்பிவிட்டு, நானும் மனைவியும் மாமாவும் மாமியும் தாலித் தட்டுக்காகக் காத்திருந்தோம். தட்டு கைக்கு வந்தபோது ஒன்பது மணி. நான் நெஞ்சை நிமிர்த்தி, “பயப்படாதீங்க மாமா, பாதையால போனா அவங்களுக்கு முந்திப் போய் நிப்பம்” என்றேன்.

பாதை என்று நாங்கள் சொல்வது, எங்கள் வாயில் ஆறு என்றே வரும் வாவியைக் கடக்கும் மிதவையை. மனிதர், மோட்டார் சைக்கிள், கார் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தால் ஏற்றி மறுபக்கத்தால் இறக்கும். முதலில் ஏறுபவர்தான் முதலில் இறங்க வேண்டும். அன்று முதலில் ஏறியது என் கார். பின்னால் ஒரு முச்சக்கரவண்டி, அதற்குப் பின்னால் தயிர்ச் சட்டிகள் கட்டிய ஒரு மோட்டார் சைக்கிள், இன்னும் ஏழெட்டு மோட்டார் சைக்கிள்கள், நடந்து வந்த ஒரு கூட்டம்.

தலையில் துவாய் கட்டிய பாதைக்காரர் வழக்கம்போல் கத்தினார். “கியர்ல போட்டு ஹேண்ட் பிரேக்க நல்லா இழுத்து விடுங்க! மறுகா உருண்டு ஆத்துக்குள்ள போனா எங்களக் கேக்கப்படாது!”

சொல் கேட்கும் பிள்ளை நான். கியரில் போட்டேன், ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், இஞ்சினை நிறுத்தினேன். சாவியை எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. பழைய கார்தானே, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரி என்று நினைத்து அப்படியே விட்டேன். எண்ணெய் என்று நினைத்ததுமே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அக்கரைக்கு வந்ததும் முன்பலகையை இறக்கினார்கள். சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. மறுபடி திருப்பினேன். முன்னால் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது, இஞ்சின் மட்டும் அசையவில்லை.

பின்னால் இருந்து ஹோர்ன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கத் தொடங்கின. முச்சக்கரவண்டிக்காரர் இறங்கி வந்து ஜன்னலில் தலையை விட்டார்.

“சேர், பெட்டரி செத்திட்டு.”

நான் ஹோர்னை அமத்திக் காட்டினேன். வாவியே அதிர்ந்தது.

“அப்ப ஸ்டார்ட்டர் மோட்டர். சாவியக் கழட்டிப் போட்டுப் பாருங்க.”

“சாவியும் கழருதில்ல.”

அவர் முகம் வைத்தியர் முகம்போல் இறுகியது. “அப்ப கம்பியூட்டர்தான் போயிட்டு. கொழும்புக்குத்தான் இழுக்கணும்.”

தயிர்க்காரர் எட்டிப் பார்த்தார். “கொழும்புக்கு இழுக்கிறதுக்கு முன்ன எங்கள இறங்க விடுங்க அண்ணன். தயிரு வெயில்ல புளிக்கிது. பேசாம இந்தக் காரத் தள்ளி ஆத்துக்குள்ள விடுவமா?”

சனம் சிரித்தது. யாரோ உண்மையாகவே தள்ளுவதற்கு வந்தார்கள். பாதைக்காரர் விடவில்லை. தண்ணீர் வற்றியதால் பலகை அன்று செங்குத்தாகக் கரையில் ஏறி நின்றது. பாதி ஏறிக் கார் பின்னால் உருண்டால் தள்ளுகிறவர்கள் நசுங்குவார்கள் என்று கையை விரித்து மறித்தார்.

பின் ஆசனத்தில் மாமி, மடியில் தாலித் தட்டோடு, மகளிடம் முறையிட்டார். “இவர்ர கை பட்ட சாமான் எண்டைக்குகா ஒழுங்கா வேலை செஞ்சது? பாலத்தால போவம் எண்டு நான் சொன்னன்தானே?”

அந்தக் காரையாவது துறைக்கு வரச் சொல்ல மனைவி தம்பிக்குப் போன் எடுத்தாள். மாப்பிள்ளைக் கார் இன்னும் பாலத்தையே தாண்டவில்லையாம். துறையில் வேறு வாகனம் இருக்கிறதா என்று பார்த்தேன். மூடிக் கிடந்த ஒரு தேத்தண்ணிக் கடையும் இரண்டு ஆடுகளும்தான் இருந்தன. மணி ஒன்பதே முக்கால். பெண் வீட்டுக்கு இங்கிருந்து இருபது நிமிடம். மணவறை, ஐயர், மேளம், சனம் எல்லாம் அங்கே காத்திருக்க, தாலி இங்கே என்னோடு வாவியில் மிதந்துகொண்டிருந்தது.

தயிர்க்காரருக்கு இரக்கம் வந்தது. “அம்மா, தாலியத் தாங்க. சைக்கிளத் தூக்கி இறக்கிட்டு நான் கொண்டு போய்க் குடுக்கன்.”

மாமி தட்டை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தார். “என்ர புள்ளைக்கித் தாலி தயிர்ச் சட்டியோடயா போகணும்?”

மாமா காரை விட்டு இறங்கி, புது வேட்டியின் நுனியைக் கையில் பிடித்தபடி, கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தன் ஒரே மகனின் கல்யாணத்தைக் கெடுத்தவன் யார் என்று ஊர் கேட்டால், மருமகன் என்று சொல்லத்தான் வேண்டும் என்று அவர் முகம் சொன்னது. எந்த நேரமும் ஆட்களைச் சிரிக்க வைக்க வாயில் ஒரு பகிடி வைத்திருக்கும் எனக்கு அன்று நாக்கு ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் பாதைக்காரர் என் ஜன்னலில் குனிந்தார். காருக்குள் ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“சேர் முந்தி ஓடினது கியர்க் காரா?”

“ஓம். பதினொரு வருஷம்.”

அவர் குரல் காதோடு பேசும் அளவுக்கு இறங்கியது. “நான் கியர்ல போடச் சொன்னன். நீங்களும் போட்டிட்டீங்க. அந்தத் தடி ‘டி’யில நிக்கிது. ‘பி’க்குக் கொண்டு போங்க.”

குனிந்து பார்த்தேன். உண்மை. ஒட்டோமெட்டிக் காரில் தடி ‘பி’யில் நிற்காவிட்டால் சாவி கழலாது. ஓடுகிற கியரில் கிடந்தால் இஞ்சினும் எழும்பாது. எந்தப் பழுதும் இல்லை. காரில் இருந்த ஒரே கோளாறு சாரதி ஆசனத்தில் இருந்தது. தடியைத் தள்ளிவிட்டு அவசரமாகச் சாவிக்குக் கை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“பொறுங்க. இவ்வளவு சனத்தையும் வெயில்ல காய விட்டுட்டு, சும்மா ஸ்டார்ட் பண்ணினா உங்கள விடுவானுகளா? அந்தா மாமாவும் பாக்கிறார். போய் பொனட்டத் திறந்து எதையாச்சும் தட்டிட்டு வாங்க.”

நான் அவரை அப்படியே பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. எனக்குள் செத்துக் கிடந்த பகிடிக்காரன் எழும்பிவிட்டான்.

இறங்கினேன். சட்டைக் கையை முழங்கைவரை மடித்தேன். பொனட்டைத் திறந்து, ஒரு கண்ணை மூடி, உள்ளே உற்றுப் பார்த்து, “ம்ம்” என்றேன். கூட்டம் நெருங்கியது. கையை நீட்டி, தலையை நிமிர்த்தாமலே, “பத்தாம் நம்பர் ஸ்பானர்” என்றேன். பதினோராம் நம்பரைத் தந்திருந்தாலும் எனக்கு வித்தியாசம் தெரிந்திராது. முச்சக்கரவண்டிக்காரர் ஓடிப்போய் எடுத்து வந்தார். பெட்டரியின் தலையில் இரண்டு தட்டு. ஒரு குழாயில் ஒரு ஊதல். பிறகு, “மாமா, உங்கட லேஞ்சிய ஒருக்காத் தாங்க.” மாமா தன் புதுக் கைக்குட்டையைத் தந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஓர் இடத்தைப் பக்குவமாகத் துடைத்தேன்.

“இப்ப பாப்பம்” என்று சொல்லிக்கொண்டு உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினேன்.

இஞ்சின் பூனைக்குட்டிபோல் உறுமியது. பாதை முழுக்க விசில், கைதட்டல். தயிர்க்காரர், “அண்ணன் கராச் வெச்சிருக்காரோ?” என்று மனைவியிடம் கேட்டார். முச்சக்கரவண்டிக்காரர், “எர்த்துதான் புடிக்கல்ல. நான் அப்பவே நெனச்சன்” என்று பக்கத்தில் நின்றவருக்கு விளக்கம் கொடுத்தார். பாதைக்காரர் பலகையைப் பார்த்தபடி, “சேருக்கு நல்ல கைராசி” என்றார். பலகையில் ஏறும்போது கண்ணாடியில் பார்த்தேன். துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

பத்தே காலுக்கு ஐந்து நிமிடம் இருக்க, மேளம் முழங்கத் தாலித் தட்டு மணவறைக்குப் போனது. மாப்பிள்ளையின் கார் எங்களுக்கு இரண்டு நிமிடம் முன்தான் வந்திருந்தது. நல்ல நேரத்தில் தாலி ஏறியது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் என்னைத் தேடி ஒரு பார்வை பார்த்தார். அதில் அரிசி வாளியின் மூடி திறப்பது எனக்குத் தெரிந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் மாமா கதை சொல்லத் தொடங்கினார். முதல் பந்தியில் நான் பெட்டரியைத் திருத்தினேன். இரண்டாம் பந்தியில் அரைவாசி இஞ்சினைக் கழற்றிப் பூட்டினேன். மூன்றாம் பந்தியில் கொழும்புக்காரர் கைவிட்ட காரை எழுப்பினேன். “எங்கட மருமகன் லேசுப்பட்ட ஆளில்ல” என்று அவர் சொன்னபோது நான் பாயாசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருடத்தில் அந்த வாயால் அப்படி ஒரு சொல் கேட்டதில்லை. மறுக்கத்தான் நினைத்தேன். பாயாசம் நன்றாக இருந்தது.

பட்டம் கிடைத்தால் வேலையும் வரும். அடுத்த கிழமையே மாமா பக்கத்து வீட்டு மிக்ஸியைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். இப்போது தோற்றால் மானம் போகும். அதனால் வாழ்க்கையில் முதன்முறையாக, கழற்றுவதற்கு முன் யோசித்தேன், தெரிந்தவரிடம் கேட்டேன், கழற்றிய ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்தேன். மிக்ஸி ஓடியது! இன்று எங்கள் வீட்டில் தண்ணீர் பைப்பால் வருகிறது, காற்று கீழ்நோக்கி வீசுகிறது. பொய்யாகக் கிடைத்த பெயரை உண்மையாக்க எனக்கு ஏழு மாதம் எடுத்தது.

கல்யாணம் முடிந்து சில நாட்களில் ஒரு பெட்டி பலகாரத்தோடு பாதைக்காரரைத் தேடிப் போனேன். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு, “எந்தக் கார் சேர்? ஒரு நாளைக்கி எத்தின கார் வருது. எனக்கு ஒண்டும் நினைவில்ல” என்றார். பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். அதற்காகத்தான் மறந்ததுபோல் காட்டிக்கொண்டார் என்று எனக்குத் திரும்பி வரும்போதுதான் விளங்கியது.

மாமா இந்தப் பத்திரிகைப் பக்கத்தை ஒரு வரி விடாமல் வாசிப்பவர். பெயர் போடாவிட்டாலும் ஆள் யாரென்று கண்டுபிடிப்பார். பிடிக்கட்டும். இப்போது என்னால் உண்மையாகவே ஒரு பைப்பைத் திருத்திக் காட்ட முடியும்.

நான் வேலை செய்வது ஓர் அலுவலகத்தில், படிவங்கள் வாங்கும் மேசையில். பிழையாக நிரப்பிக்கொண்டு வருகிறவர்களை வரிசை முழுக்கக் கேட்கும்படி திருத்துவது முன்பு என் பழக்கம், அதில் இரண்டு பகிடியும் சேர்ப்பேன். நாற்பது பேர் நடுவில் என் மடத்தனத்தைக் கண்டுபிடித்த ஒரு மனிதர், அதை என் காதுக்குள் மட்டும் சொன்ன அந்த நாளுக்குப் பிறகு, என் மேசைக்கு வருகிறவரின் பிழையைக் கண்டால் நான் எழும்பிக் குனிந்து மெதுவாகத்தான் சொல்கிறேன்.