பேரை மாற்றிச் சொன்ன மூத்தவள்

தருவிங்காவுக்கு இரண்டு பெண்டாட்டி. மூத்தவள் முச்சனேத்தா மூரேவா பக்கத்துக் கிராமத்தில் ஏர் பூட்டிச் சோளம் போட்டுப் பிள்ளைகளை வளர்த்தாள். இளையவள் ரவீரோ சாலிஸ்பரி நகரத்தில் அவனோடு இருந்தாள். கல்யாணத்தைப் பதிந்த தாள் உள்ள ஒரு மனைவிதான் நகரத்துக் குடியிருப்பில் தங்கலாம் என்பது வெள்ளைக்காரன் சட்டம். அந்தத் தாளில் ரவீரோவின் பேர் ஏறியதை முச்சனேத்தாவால் செரிக்கவே முடியவில்லை. ரவீரோ செருப்புக் காலோடு ஊரில் வந்து இறங்கும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரியும்.

ஒருநாள் முச்சனேத்தா தன் கடைசிப் பையன் சின்னவனை மாமியாரிடம் விட்டுவிட்டு, மாவு மூட்டையோடு சாலிஸ்பரிக்குப் பஸ் ஏறிவிட்டாள். தருவிங்கா புகையிலைக் கிடங்குக்கும் ரவீரோ சந்தைக்கும் போயிருந்தார்கள். பூப்போட்ட விரிப்பு விரித்த இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். மெத்தென்றிருந்தது. ஆத்திரம் இன்னும் ஏறியது.

அப்போது சோதனைக்குப் போலீஸ் வந்தது.

"பேரென்ன? தாள் எங்க?"

சுவரில் மாட்டியிருந்த தாளைக் காட்டி, "ரவீரோ" என்றாள். யோசிக்கவே இல்லை.

சந்தையிலிருந்து கையில் தாளில்லாமல் திரும்பிய உண்மையான ரவீரோ தெருமுனையில் அவர்களிடம் மாட்டினாள். வாசலுக்கே இழுத்து வந்தார்கள்.

"இவ யாருன்னு தெரியுமா?"

"எங்க ஊர்க்காரி. முச்சனேத்தான்னு பேரு" என்றாள் மூத்தவள்.

"ஐயோ, அவதான்யா முச்சனேத்தா! ரவீரோ நான்!"

"புடிச்சா எல்லாரும் இதத்தாம்மா சொல்றீங்க" என்று சிரித்தபடி அவளை மூரேவா பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

சாயங்காலம் தருவிங்கா தலையில் அடித்துக்கொண்டான். "அடிப்பாவி, என்ன காரியம்டி பண்ணிட்ட?"

"போய்ச் சொல்லேன். ரெண்டு பொண்டாட்டின்னு தெரிஞ்சா வீட்டையே புடுங்கிருவான்."

வாசல் வரை போனவன் திரும்பி வந்து களிக்கு உட்கார்ந்தான்.

கட்டில் சீக்கிரமே பழகிப்போயிற்று. ஆனால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் ரவீரோ எங்கே என்றுதான் கேட்டார்கள். அறுவடை நெருங்கும் சமயம் ஊரிலிருந்து வந்த ஒருத்தி, "உன் வயலு இந்த வருஷம் ஆள் உசரம் நிக்குது. சின்னவன் ரவீரோ முதுகைவிட்டு எறங்கவே மாட்டேங்குறான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு முச்சனேத்தா சோளக்களியைப் பாதியிலேயே தள்ளிவைத்தாள். மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

ரவீரோ சின்னவனை முதுகில் கட்டிக்கொண்டு களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையக் குடு. போ, உன் வீட்டுக்கு."

"நான் போகலக்கா. அங்க தாளை எடுக்காம தண்ணி புடிக்கக்கூட வெளிய வரமுடியாது."

"அப்ப என் வீட்டைவிட்டுப் போ."

"எங்க போறது? உன் பேரைச் சொல்லி இங்க ஏத்திவிட்டது நீதானே?"

முச்சனேத்தா பிள்ளையை வாங்கக் கை நீட்டினாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு ரவீரோவின் தோளில் ஒட்டிக்கொண்டது.

இரண்டு பேருமே நகரத்துக்குத் திரும்பவில்லை. மனைவி இல்லாதவனுக்கு வீடு எதற்கு என்று அதிகாரிகள் தருவிங்காவை ஒற்றை ஆண்களின் விடுதிக்குத் தள்ளிவிட்டார்கள். அவன் ஊருக்கு வரும்போதெல்லாம் இருவரையும் சேர்த்தே திட்டினான். முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் ரவீரோவுக்கு ஒரு குடிசை எழுந்தது. முச்சனேத்தா தினமும் காலையில் கஞ்சியில் வேர்க்கடலையை இடித்துத் தாராளமாகப் போடுவாள். சின்னவன் ஒட்ட வழித்துத் தின்றுவிட்டு, வாயைக்கூடத் துடைக்காமல் எதிர்க் குடிசைக்கு ஓடிவிடுவான்.