மேலுமலை இறக்கத்தில் ஒரு வெள்ளை எஸ்டீம்

மாதேஸ்வரனுக்கு இன்ஜின் ஓட்டுவதுதான் வேலை. ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில், இரும்பு மேடையில் இறுக்கிக் கட்டிய இன்ஜின்களை முழு வேகத்துக்கு முடுக்கி, எண்ணெய் கசிகிறதா, சத்தம் மாறுகிறதா என்று பார்த்துச் சீட்டு எழுதித் தருவான். ஷிப்டுக்கு இருபது இன்ஜின். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாம் உறுமும். ஒன்றும் ஓரடி நகராது. பதினேழு வருடமாக அவன் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேரிகையில் ராகியும் தக்காளியும் போடுகிற குடும்பம் அவனுடையது. ஐ.டி.ஐ. முடித்து, ஆறு வருடம் ஒப்பந்தத்தில் கிடந்து, பிறகுதான் நிரந்தரமானான். இப்போது சூளகிரியில் சொந்த வீடு. மனைவி சுகுணா ரோஜாப் பண்ணையில் பூவைத் தரம் பிரிக்கிறாள். மகள் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். சுகுணாவின் அம்மா வெங்கடம்மாளும் அவர்களோடுதான் இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு வெள்ளை எஸ்டீம் கார். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாவதற்கு முன்பே பதிவான வண்டி என்பதால் எண் இன்னும் தருமபுரி எண்தான். பம்பரில் கீறல், கூரையில் வெளுத்த பெயின்ட். நெடுஞ்சாலையில் போனால் பெங்களூர் கார்கள் பின்னாலிருந்து லைட் அடித்து ஒதுங்கச் சொல்லும். அவனும் ஒதுங்குவான். சண்டை போடுகிற ஆள் இல்லை.

அத்திப்பள்ளியில் கார் இன்ஜின்களுக்கு வேகம் ஏற்றித் தருகிற பிரதாப் பழக்கமான பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. வெளியே பார்த்தால் பழைய குடும்ப வண்டி. உள்ளே மட்டும் வேறு இன்ஜின். "இதுக்குப் பேரு ஸ்லீப்பர்ணா. தூங்கிக்கினு இருக்கற மாதிரியே தெரியும். பக்கத்துல வர்றவனுக்கு, போனப்பறம்தான் தெரியும்" என்றான் பிரதாப். மாதேஸ்வரன் சிரித்துவிட்டு வந்துவிட்டான். ஆனால் அந்த வாரம் முழுக்கச் சோதனைக் கூடத்தில் நின்றபோது அவன் கண் வேகமானியின் முள்ளைப் பார்க்கவில்லை. அந்த உறுமலுக்குச் சக்கரம் மாட்டினால் எப்படி இருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

பதினோரு மாதம் ஆனது. விபத்தில் நொறுங்கிய ஒரு காரிலிருந்து ஆயிரத்து அறுநூறு சி.சி. இன்ஜினை பிரதாப் பெங்களூரில் பிடித்துக் கொடுத்தான். வார விடுமுறைகளில் கொட்டகையில் உட்கார்ந்து அதைப் பிரித்துக் கோத்தான் மாதேஸ்வரன். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்குக் குழாய் வளைத்தான். புகைப்போக்கியின் முனையை மட்டும் பழையதாகவே விட்டான், ஒருவருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று. சுகுணா கேட்டதற்கு, "பழைய இன்ஜினு எண்ணெ குடிக்குது, சரி பண்றேன்" என்றான். அவளிடம் அவன் சொன்ன பெரிய பொய் அதுதான். சொன்னபோது அது பெரிய பொய்யாகத் தெரியவில்லை.

வேலை முடிந்த முதல் ஞாயிறு விடிகாலையில் பேரிகை சாலையில் ஓட்டிப் பார்த்தான். மூன்றாவது கியரில் மிதித்ததும் முதுகு சீட்டோடு ஒட்டியது. கண்ணில் நீர் வந்தது. வண்டியை ஓரம் கட்டி ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தான். நாற்பத்து மூன்று வயதில் அவ்வளவு சந்தோஷம் தனக்கு வரும் என்று அவன் நினைத்ததில்லை.

திரும்பி வரும்போதுதான் பயம் பிடித்தது. வேகத்தில் மூன்று தடவை அழுத்திய பிறகு பிரேக் மிதி பஞ்சுபோல இறங்கியது. நிறுத்தியதும் முன்சக்கரத்திலிருந்து கருகல் வாடை. அந்தப் பழைய வண்டியின் சின்ன பிரேக், பழைய வேகத்துக்குத்தான் போதும்.

"நான்தான் சொன்னனேண்ணா, பிரேக்கு பத்தாதுன்னு" என்றான் பிரதாப் போனில். "பெரிய பிரேக் டிஸ்க்கு வாங்கி வெச்சிருக்கீங்கல்ல, மாட்டுங்க."

"மாட்டுனா இந்த வீலுக்குள்ள நுழையாதே பிரதாப்பு."

"பெரிய வீல் போடுங்க."

"பெரிய வீல் போட்டா, பாக்கறவனுக்குத் தெரிஞ்சிடும்ல."

"தெரிஞ்சா தெரியட்டும்ணா" என்று பிரதாப் போனை வைத்துவிட்டான்.

டிஸ்க் இருந்த பெட்டி கட்டிலுக்கடியிலேயே கிடந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் தள்ளினான். சுகுணாவிடம், "வண்டியத் தொடாத, கிளட்ச் வேல பாக்கி இருக்குது" என்று சொல்லி வைத்தான். ஆனால் திங்கட்கிழமை அவனே பெட்ரோல் போட ஓட்டிப்போனதை அவள் வாசலில் நின்று பார்த்தாள். வேலை முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாள். மாற்றுச் சாவி எப்போதும் அவள் கைப்பையில்தான் இருக்கும்.

புதன்கிழமை, பத்து மணி டீ இடைவேளை. சோதனைக் கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. லாக்கரைத் திறந்து எடுத்தான். நான்கு தவறிய அழைப்பு, ஒரு குரல் பதிவு.

"ஏங்க, அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. கை வீங்கிப் போச்சு. ஆட்டோல ஏத்துனா தாங்க மாட்டாங்க. நான் நம்ம வண்டிய எடுத்துக்கினு கிருஷ்ணகிரி போறேன். நீங்க நேரா பெரியாஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

பதிவாகி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

டீ டம்ளரை எங்கே வைத்தான் என்று அவனுக்குப் பிறகு ஞாபகமில்லை. சூப்பர்வைசரிடம் என்ன சொன்னான் என்பதும் ஞாபகமில்லை. பைக்கை எடுத்தபோது சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. சூளகிரி தாண்டினால் மேலுமலை. வளைந்து வளைந்து இறங்குகிற சாலை, பாரம் ஏற்றிய லாரிகள். அந்த இறக்கத்தில் சுகுணா பிரேக்கைத்தான் மிதிப்பாள். பழைய வண்டி என்று நம்பி மிதிப்பாள்.

வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி அழைத்தான். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

மேலுமலை உச்சியில் லாரிகள் வரிசையாக நின்றன. எதிர்ப்பக்கம் நடந்து வந்த டிரைவர் ஒருவரிடம் என்ன ஆச்சு என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல, முன்னாடி லாரி பஞ்சர். அதுக்குக் கொஞ்சம் கீழ ஒரு வெள்ளக் காரு ஓரத்துல ஏறி நிக்குது, பழைய எஸ்டீமு."

"உள்ள இருந்தவங்க?"

"நான் பாக்கலப்பா."

லாரிகளுக்கு நடுவே பைக்கை நுழைத்து இறங்கினான். இரண்டாவது வளைவு தாண்டி, சாலை வேலைக்குக் கொட்டிய ஜல்லிக் குவியலில் மூக்கைப் புதைத்து நின்றது அவன் வண்டி. பம்பர் தொங்கியது. முன்சக்கரம் இரண்டிலும் இன்னும் கருகல் வாடை அடித்தது. உள்ளே யாருமில்லை. கண்ணாடியில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தான். சீட்டைத் தடவிப் பார்த்தான். இல்லை. பின்சீட்டில் மாமியாரின் ஒற்றைச் செருப்பும், முன்சீட்டுக்கடியில் சுகுணாவின் போனும் மட்டும் கிடந்தன. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பக்கத்தில் இளநீர் விற்கிறவர் எழுந்து வந்தார். "உங்க வூட்டுக்காரம்மாவா? பயப்படாதீங்க. நல்லாத்தான் இருக்காங்க. தக்காளி ஏத்திக்கினு போன வேன் ஒண்ணுல ரெண்டு பேரையும் ஏத்தி அனுப்புனோம். அந்தம்மா கியர எறக்கி, ஹேண்ட் பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, பாத்து ஜல்லில ஏத்துனாங்களாம். நேரா போயிருந்தா அந்தப் பக்கம் பள்ளம்."

அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே அறைக்கு வெளியே சுகுணா உட்கார்ந்திருந்தாள். உள்ளே வெங்கடம்மாளுக்கு மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். விழுந்ததில் உடைந்த கைதான். வேறு அடி இல்லை. சுகுணா அவனைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"மேட்டுல ஒரு லாரியத் தாண்டலாம்னு மிதிச்சேன்" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "நான் மிதிச்சதுக்கும் அது போனதுக்கும் சம்பந்தமே இல்ல. அம்மா கத்திட்டாங்க. அப்பறம் எறக்கத்துல பிரேக்கு கீழ வரைக்கும் போயிடுச்சு. வண்டிக்குள்ள என்னா வெச்சிருக்கீங்க?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். இன்ஜின், டர்போ, பிரதாப், ஞாயிற்றுக்கிழமை, கட்டிலுக்கடியில் இருந்த பெட்டி. பெரிய வீல் ஏன் போடவில்லை என்பதைக் கடைசிக்கு வைத்தான். அதையும் சொன்னான்.

"யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதானா?"

"ஆமா."

"யாருக்கும்னா, எனக்கும்தான்."

அவன் தலையை ஆட்டினான்.

"உங்களுக்கு அது வேணும்னா ஆசப்படுங்க, நான் வேணாங்கல. பதினோரு மாசம் கொட்டாயில கெடந்தீங்களே, ஒருநாளாச்சும் சந்தோசமா இருக்கீங்களேன்னுதான் நெனச்சேன். ஆனா அம்மாவ உக்கார வெச்சி நான் ஓட்டற வண்டி அது." புடவை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியை மறுநாள் இழுத்து வந்தார்கள். பிரேக்கை மட்டும் மாற்றி வைத்துக்கொள்ளலாமா என்று அவன் இரண்டு நாள் யோசித்தான். இன்ஜின் மாற்றியதை எங்கும் பதியவில்லை. கேட்டால் அனுமதி கிடைக்காது என்பதும் அவனுக்குத் தெரியும். ஜல்லிக்குப் பதில் அங்கே ஒரு பைக்கோ ஆளோ நின்றிருந்தால் என்று நினைத்தபோது யோசனை நின்றது. புது இன்ஜினை இறக்கி, மூலையில் சாக்குப் போட்டு வைத்திருந்த பழையதையே ஏற்றினான். இறக்கியதை பிரதாப் வந்து எடுத்துப்போனான், பந்தய மைதானத்தில் மட்டும் ஓடுகிற ஒரு வண்டிக்கு. அது டெம்போவில் ஏறும்போது மாதேஸ்வரன் வீட்டுக்குள் போய்விட்டான்.

அந்த வேலை நடந்த நாட்களில் சுகுணா பண்ணையிலிருந்து வந்ததும் கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்காருவாள். எதைக் கையில் எடுத்தாலும் அது என்ன, எதற்கு என்று கேட்பாள். அவன் சொல்வான். சில சமயம் அவள் கேட்ட கேள்விக்கு அவனுக்கே பதில் தெரியாது.

ஆறு வாரம் கழித்து வெங்கடம்மாளின் கட்டைப் பிரிக்கப் போனார்கள். சாவியை சுகுணா எடுத்துக்கொண்டாள். அவன் பக்கத்து முன்சீட்டில் உட்கார்ந்தான். மேலுமலை இறக்கம் தொடங்கியதும் அவன் வலது கால் தானாக நீண்டு, எதிரே இருந்த தகட்டை அழுத்தியது. முதல் வளைவில் அழுத்தினான், இரண்டாவதில் இன்னும் அழுத்தினான்.

"கால எடுங்க" என்றாள் சுகுணா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அங்க ஒண்ணும் இல்ல. பிரேக்கு இங்கதான் இருக்குது."

மூன்றாவது கியருக்கு இறக்கினாள். வண்டி முனகிக்கொண்டு மெதுவாக இறங்கியது. பின்னால் ஒரு கார் லைட் அடித்தது. சுகுணா இடது ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.