எங்கள் வீட்டு மயில் விளக்கு

அந்தக் காற்றடைத்த கிறிஸ்துமஸ் தாத்தாவின் வாடையை எதனோடு ஒப்பிடுவது? பஞ்சர் கடையில் ட்யூபை முக்கிப் பார்க்கும் தொட்டித் தண்ணீரில் யாரோ மலிவு சென்ட்டை ஊற்றியது போல இருந்தது. அதைக் கீழராஜ வீதியில் வாங்கி வந்து, புது வீட்டு வாசலில் ஊதி நிறுத்தியவன் வேறு யாரும் இல்லை. ஐம்பதைத் தொடப்போகிற, புத்தியுள்ளவன் என்று அதுவரை நம்பப்பட்ட நான்தான்.

பதினாறு வருஷம் வாடகை வீடு. எந்த வீட்டுக்காரரும் வெளிச்சுவரில் ஆணி அடிக்க விட்டதில்லை. எங்கள் நட்சத்திரம் வருஷா வருஷம் பிரிட்ஜுக்கு மேலேதான் உட்கார்ந்திருந்தது. இந்த வருஷம்தான் புதுக்கோட்டைக்கு வெளியே, பிளாட் போட்ட நகர் ஒன்றில் சொந்த வீடு. எட்டாவது படிக்கும் என் மகள் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். வாசலுக்கு என்ன கட்டுவது என்பதை அவள்தான் பார்த்து எடுப்பாளாம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தோழிகள் மூன்று பேர் வருவதாக ஏற்பாடு. வாடகை வீடுகளுக்கு அவள் யாரையும் கூப்பிட்டதே இல்லை. சனிக்கிழமை கடைக்குப் போவோம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்த வாரம் திங்கட்கிழமை ஆவூரிலிருந்து என் மனைவியின் அண்ணன் போன் செய்தார்.

"என்ன மாப்ள, நட்சத்திரம் ஏத்தியாச்சா? இல்ல, பழக்க தோசத்துல பிரிட்ஜு மேலயே வச்சுட்டீங்களா?"

அவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலைப் பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் வரும். பண்டிகைக்கு முந்தின வாரம் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வைத்தார். பயத்தில் கழிவறைக்கு ஓடினேன். வெளியே வந்த கையோடு வண்டியை எடுத்தேன். மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

பயந்தவன் கையில் பையைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பக் கூடாது. தாத்தா, நாலு சரம் சீரியல் பல்பு, பனிக்காக மூட்டைப் பஞ்சு, ஜிகினா ஒட்டிய பிளாஸ்டிக் மாலை. அந்த ஜிகினா மாலையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒட்டியது. இட்லியில் மின்னியது. என் காதுக்குள் மின்னியது. சாயங்காலம் வந்த மகள் வாசலைப் பார்த்தாள். "சனிக்கெழமன்னு சொன்னீங்களேப்பா" என்றாள். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மழை. சுற்றுச்சுவரில் நான் தூவிய பனி, சீழ் பிடித்த கட்டுத்துணி மாதிரி மஞ்சளாகித் தொங்கியது. தாத்தா காற்று இறங்கி, சாக்கடையை நமஸ்காரம் செய்தபடி கிடந்தார். மழை விட்டதும் ஈசல் கிளம்பி பல்புகளை மொய்த்தது. றெக்கைகள் உதிர்ந்து ரசத்தில் மிதந்தன. அதில் ஒன்றை நான் கறிவேப்பிலை என்று நினைத்துச் சப்பியிருக்கிறேன். இரண்டு சரம் அணைந்தே போனது.

அத்தோடு விட்டிருந்தால் மனிதன். நானோ மைத்துனரின் முகத்தை நினைத்துக்கொண்டு, கல்யாண வீடுகளுக்கு லைட் போடுகிறவரைக் கூப்பிட்டேன். கிறிஸ்துமஸுக்கு ஏற்ற மாதிரி போடச் சொன்னேன். அவர் ஒரு மணி நேரத்தில் மொட்டை மாடியிலிருந்து தரைவரை ரோஸும் பச்சையுமாக வீட்டை மூடினார். வாசலில் ஆளுயரப் பலகையில் ஒரு விளக்கு மயில். அது தோகையை விரிக்கும், மடக்கும், விரிக்கும். மயில் எதற்கு என்று கேட்டேன்.

"மயிலு எல்லாத்துக்கும் பொருந்தும் சார்" என்றார்.

எங்கள் பக்கம் ஒரு வீட்டைச் சீரியல் பல்பால் மூடி வாசலில் மயிலும் ஆடினால் அதற்கு இரண்டே அர்த்தம், கல்யாணம் அல்லது சடங்கு. கல்யாண வயசில் ஆள் இல்லாத வீடென்றால் ஒரே அர்த்தம். இது தெரியாத ஊரில் நான் பிறக்கவில்லை. மைத்துனர் பயத்தில் மறந்துபோனேன்.

வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் எதிர்வீட்டு அம்மா தெருப்பெண்கள் இருவரோடு வந்தார். கையில் உளுந்தங்களித் தூக்கு, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை. கதவைத் திறந்தது என் மகள்.

"ஏன் ஆத்தா நீ எந்திரிச்சு வாரே? ஒன்னய ஒக்கார வைக்கலயா?" என்றவர், பின்னால் வந்த என்னைப் பார்த்தார். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாங்க? லைட்டப் பாத்துத்தான் தெருவே தெரிஞ்சுக்கிச்சு. தாய்மாமன் எப்ப சீர் கொண்டாராரு?"

அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை, இது ஏசு பிறப்புக்குப் போட்டது என்று உளறினேன். அவர் திரும்பி வாசலைப் பார்த்தார்.

"மயிலுமா?"

திரும்பிப் பார்த்தபோது மகள் அங்கே இல்லை. அறைக் கதவு தாழிட்டிருந்தது. என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ரசத்தில் கிடந்த ஈசலைக்கூட அவள் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மகளின் குரல் வந்தது.

"ஞாயித்துக்கெழம யாரும் வர வேணாம்னு சொல்லிட்டேன்."

லைட்காரர் ஆவுடையார்கோவிலில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். திங்கட்கிழமை வந்து கழற்றுவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை லீவு போட்டு நானே ஏணியில் ஏறினேன். ஒவ்வொரு சரத்தை இழுக்கும்போதும், ராத்திரிகளில் மொய்த்துச் செத்த ஈசல் கொத்தாகத் தலையில் கொட்டியது. வாய்க்குள் இரண்டு போனது. துப்பினேன், காறினேன், மறுபடி இழுத்தேன். மயிலைத் திருப்பிச் சுவரோடு சாத்தினேன். பஞ்சையும் தாத்தாவையும் சாக்கில் திணித்துக் குப்பை வண்டியில் போட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் வெறும் வாசலில் நின்றாள்.

"நீயே போயி எடு ஆத்தா. நான் கடைப் பக்கமே வரல" என்றேன்.

அவள் என் தலையிலிருந்து ஒரு றெக்கையை இரண்டு விரலால், அருவருப்பாக, எடுத்துப் போட்டாள். பிறகு அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் கீழே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். என் பெயர் நாறியது. சிரிப்புச் சத்தமும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மூன்று பெண்களும் வந்துவிட்டார்கள். ஒருத்தி சுவரோடு திரும்பி நின்ற பலகையைக் காட்டி, "அங்கிள், இதுதான் அந்த மயிலா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். நாலு பேரும் என் மனைவியோடு டவுன் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். கேட்டைச் சாத்தும்போது மகள் திரும்பினாள்.

"மாமா போன் பண்ணாருன்னா எடுக்காதீங்கப்பா. நான் வந்து பேசிக்கிறேன்."